பதினேழாம் நம்பர் வீட்டு மெசினு

“கடையில வாங்க மாட்டேன் ரமணி. நானே செய்வேன்!”

நம்ம புவனேஸ்வரன் அண்ணன் இப்படி முழங்குனப்போ அவரு கையில இருந்தது ஒரு பிளாஸ்டிக் ஏழு. ஏழுக்கு முன்னாடி இருந்த ஒண்ணக் காணோம். முந்தின நாள் அடிச்ச காத்துல நம்ம ஊரு பாயான் பாருல சில வீட்டுக்குக் கூரை பறந்துச்சு, சில வீட்டுல கொடியில காஞ்ச கைலி பறந்துச்சு. அண்ணன் வீட்டுக்கு மட்டும் நம்பர் பறந்துச்சு. நேத்து வரைக்கும் பதினேழாம் நம்பர் வீடு. இன்னிக்கு நம்பர் இல்லாத வீடு.

“ஏங்க, டத்தோ கிராமாட்ல போர்டு கடை இருக்கு. பத்து நிமிசத்துல வெட்டிக் குடுத்துருவான்”ன்னாங்க ரமணி அக்கா.

“பத்து நிமிசத்துல வெட்டுனா அது பலகையா? ரொட்டி.”

“அப்ப நீங்க எத்தன நிமிசத்துல வெட்டுவீங்க?”

“கலைக்குப் போயி கடிகாரம் பாப்பாங்களா?”

சத்தியமா கடிகாரம் பாக்கல. காலண்டர்தான் பாத்தாங்க. எட்டு மாசம். சிரிக்காதீங்க, கதை இப்பதான் தொடங்குது.

அண்ணனுக்கு அம்பத்தி ரெண்டு வயசு. பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு பேக்டரியில ஸ்டோர் சூப்பர்வைசர். இருபத்தெட்டு வருசமா ஸ்க்ரூவ எண்ணி எண்ணிக் குடுக்கற வேலை. எந்த ஸ்க்ரூவையும் தூரத்துல இருந்து பாத்தே பேரு சொல்லுவாரு, ஊரு சொல்லுவாரு, எந்தப் பெட்டியில எத்தனாவது தட்டுல இருக்குன்னு சொல்லுவாரு. ஒண்ணு மட்டும் செஞ்சதில்ல. முடுக்குனதில்ல.

ரமணி அக்கா வேற பேக்டரி. இருபத்திரெண்டு வருசம் லைன்ல உக்காந்து, கொசு கண்ணு அளவு சாமான பூதக்கண்ணாடிக்குக் கீழ வெச்சு முடுக்குன கை. பக்கத்து சீட்டுல பக்கத்து வீட்டு ஷாஹிரா. பத்தொம்பதாம் நம்பர். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அந்த லைன மூடிட்டாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா வீட்டுக்கு வந்தாங்க, ஒண்ணா முறுக்கு சுட ஆரம்பிச்சாங்க.

ஆக, அண்ணன் ஸ்க்ரூவ எண்ணுனவரு. அக்கா ஸ்க்ரூவ முடுக்குனவங்க. இத நீங்க ஞாபகம் வெச்சுக்குங்க. ஏன்னா அண்ணன் மறந்துட்டாரு.

நம்பர் பலகை செய்ய என்ன வேணும்? ஒரு பலகை, ஒரு ரம்பம், உப்புத்தாள். அண்ணன் ரம்பத்தத் தேடி போன்ல வீடியோ பாக்க உக்காந்தாரு. ஒரு வீடியோ இன்னொரு வீடியோவுக்குக் கைய புடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு. அங்கதான் அண்ணன் அதப் பாத்தாரு.

சிஎன்சி ரவுட்டர்.

ஒரு இரும்புச் சட்டம். அதுல ஒரு பாலம் மாதிரி முன்னயும் பின்னயும் போகுது. பாலத்துல ஒரு மோட்டார், எடமும் வலமும் போகுது. மோட்டார் மூக்குல பல் குத்துற குச்சி தண்டிக்கு ஒரு கத்தி. கம்ப்யூட்டர்ல படத்தப் போட்டுட்டு நீ கோப்பி குடிக்கப் போகலாம். அது பாட்டுக்கு எறங்குது, கோடு இழுக்குது, ஏறுது, நகருது, திரும்ப எறங்குது. மனுசக் கை இல்ல, வெறும் பலகையில மயிலு முளைக்குது! அண்ணன் வாயத் தொறந்தவரு மூடல. அக்கா வந்து வாயில ஒரு முறுக்க வெச்சப்போதான் மூடுனாரு.

“ரமணி... சாமி செதுக்கற மாதிரி இருக்கு ரமணி...”

“சாமிக்கு நம்பர் பலகை வேணாம். நமக்குத்தான் வேணும்.”

அதுக்கப்புறம் எத வாங்கறதுங்கற ஆராய்ச்சி. மூணு மாசம்! கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கும்போது கூட அண்ணன் மூணு நாள்தான் எடுத்தாரு. காலண்டர் பின்பக்கம் பூரா கட்டம் போட்டாரு. எவ்ளோ அகலம், எவ்ளோ நீளம், மோட்டாருக்கு எவ்ளோ சக்தி, பிளாஸ்டிக்கா அலுமினியமா. பெருசா வாங்குனா வீடு பத்தாது, சின்னதா வாங்குனா மனசு பத்தாது. ஒவ்வொரு நாள் ஒண்ணு முடிவாகும். மறுநாள் காலையில குணாளன் வாய்ஸ் அனுப்புவாரு. முடிவு கலைஞ்சிரும்.

குணாளன் யாருன்னா, பாகான் டாலாம் ஊர்ல இருக்கற கூட்டாளி. அண்ணன் கூட ஸ்கூல்ல ஒண்ணா படிச்சவரு. அவருகிட்ட சொந்தமா ஒரு சுத்தியல் கூட கெடையாது. ஆனா உலகத்துல இருக்கற அத்தன மெசினப் பத்தியும் கருத்து இருக்கு. மூக்கால பேசுவாரு. “மாப்ளே... கேட்டுக்க... எத வேணா வாங்கு... ஆனா ஆடாம இருக்கணும்லா. ஆடுச்சு, செத்த.”

கடைசியில மேசை மேல வெக்கற சின்ன மெசினு ஒண்ணு முடிவாச்சு. முப்பது சென்டிமீட்டருக்குப் பதினெட்டு. ஒரு நம்பர் பலகைக்குத் தாராளம்.

“எங்க வெப்பீங்க?”ன்னாங்க அக்கா.

“வெட் கிச்சன்ல.”

அக்கா கையில இருந்த கரண்டி நின்னுச்சு. வீட்டுக்குப் பின்னாடி, தண்ணிக் குழாயும் காத்தோட்டமுமா இருக்கற சமையக்கட்டு அது. எண்ண தெறிச்சாலும் கவலையில்லாம அக்கா முறுக்கு சுடற எடம். அக்காவோட ராஜ்ஜியம்.

“அப்ப முறுக்கு?”

“ஷாஹிரா வீட்டு கிச்சன்ல சுடு. கொஞ்ச நாள்தான்.”

“எவ்ளோ நாளு?”

“தீபாவளிக்குள்ள நம்பர் செவுத்துல. இல்லன்னா கிச்சன் ஒனக்கு, மெசினு பெசி புரோக் லாரிக்கு.”

பழைய இரும்பு, பழைய பேப்பர் எடுக்க ஒலிபெருக்கியில பாடிக்கிட்டு வருமே, அந்த லாரி.

“இன்னொண்ணு,”ன்னாங்க அக்கா. “இதோட சரி. இதுக்கு மேல ஒரு சாமான் வாங்கக் கூடாது.”

“தண்ணிமலை முருகன் சாட்சியா வாங்க மாட்டேன்!”

மெசினு வந்துச்சு. அட்டப் பொட்டியில, துண்டு துண்டா. கூடவே ஒரு சின்ன புக்கு, எத எதுக்கு அப்புறம் மாட்டணும்னு படம் போட்டு. அண்ணன் அந்த புக்க தூக்கி ஒரு ஓரமாப் போட்டாரு. “வீடியோ இருக்கும்போது புக்கு எதுக்கு?” வீடியோவயும் வேகமா ஓட விட்டுப் பாத்தே மாட்டி முடிச்சாரு. அக்கா அந்த புக்க எடுத்து, தூசி தட்டி, ஐஸ்பெட்டி மேல வெச்சாங்க. பேக்டரி பழக்கம். லைன்ல அந்தத் தாளு இல்லாம ஒரு ஸ்க்ரூ மேல கை வெக்க முடியாது.

மொத வெட்டு. மாவிளக்கு ஏத்தாத கொறைதான். ங்ங்ங்ங்னு மோட்டார் பாடுச்சு. தூள் பறந்துச்சு. அண்ணனுக்கு உடம்பு பூரா புல்லரிச்சுப் போச்சு. ‘ஒண்ணு’ன்னு ஒரே ஒரு கோடு. முடிஞ்சு பாத்தா, அது ஒண்ணு இல்ல. வாழப்பழம்.

அக்கா குனிஞ்சாங்க. கண்ணாடிய மூக்குல ஏத்துனாங்க. எண்ணி மூணு நொடி.

“ஏங்க, பாலத்த நகத்தற இந்தக் குட்டி மோட்டார் தண்டும் அந்த நீளக் கம்பியும் சேர்ற எடத்துல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கு பாருங்க. லூசா இருக்கு. சுத்தும்போது வழுக்குது.”

அண்ணன் சிரிச்சாரு. சும்மா இல்ல, வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சாரு. “ரமணி, இது முறுக்கு உரல் இல்லம்மா. டெக்னாலஜி. நான் குணாளன்கிட்ட கேட்டுக்கறேன்.”

அக்கா கண்ணாடியக் கழட்டி மடிச்சுக்கிட்டு நடந்தாங்க. அவங்க சண்ட போடாமப் போனா ஏதோ இருக்குன்னு இருபத்தஞ்சு வருசத்துல அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

குணாளன் வாழப்பழத்து போட்டோவப் பாத்தாரு. “மாப்ளே... மோட்டாரு வீக்லா. இது பொம்ம மோட்டாரு. பெருசு மாத்து.”

“சத்தியம் பண்ணிட்டேன்டா. வாங்கக் கூடாதுன்னு.”

“வாங்கக் கூடாதுன்னுதானே? மாத்தக் கூடாதுன்னு சொன்னாளா?”

அடேங்கப்பா. அண்ணனுக்கு அந்த நிமிசம் குணாளன் வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்னு தோணுச்சு.

பெரிய மோட்டார் வந்துச்சு. கனம்! பச்சப் புள்ளைய தூக்கற மாதிரி ரெண்டு கையால தூக்கி மாட்டுனாரு. மாட்டுனா, அதத் தாங்கற கம்பி வளையுது. கம்பிய மாத்துனாரு. ரயில் கம்பி. அதுல மோட்டாரத் தாங்கற கட்டை ஓடறத நீங்க பாக்கணும். ஒத்த விரலால தொட்டா போதும், வெண்ணெயில வழுக்குன மாதிரி போகுது, சத்தமே இல்ல, போயி நிக்குது. அண்ணன் அத தள்ளித் தள்ளி அரை நாள் பாத்தாரு. பூசை ரூம்ல கூட அவரு அவ்ளோ நேரம் நின்னதில்ல. இவ்ளோ அழக பொண்டாட்டிக்குக் காட்ட முடியலையேன்னு ஒரு பக்கம் வருத்தம். திருட்டுத்தனமா வாங்குனதாச்சே! ஒரு பழைய கைலிய எடுத்து மெசின மூடுனாரு.

ரயில் கம்பிக்கு அந்தப் பழைய குட்டி மோட்டாருங்க பலம் பத்தல. நகத்தற மோட்டார் மாத்துனாரு. அதுக்குப் பழைய கரண்ட் பொட்டி பத்தல. பொட்டிய மாத்துனாரு. பொட்டி மாத்துனா மூளைய மாத்தணும், அந்த கன்ட்ரோல் போர்டு. போர்டு மாத்துனா சட்டம் ஆடுது. சட்டத்த மாத்துனாரு. சோபா மாத்துனா கர்ட்டன் மாத்தணும், கர்ட்டன் மாத்துனா செவுத்துக்கு சாயம் அடிக்கணும், அந்தக் கதைதான். இதுல ஒரு விசேசம் என்னன்னா, மாத்திக்கிட்டே இருக்கற மெசினு வெட்டாது. எப்பவும் ஏதாவது ஒரு உறுப்பு வெளியே கெடக்கும். ஆபரேசன் தியேட்டர்ல படுத்த ஆளு மாதிரி.

இத்தன சாமானும் அக்கா கண்ணுல படாம எப்படி வந்துச்சுன்னு கேப்பீங்க. அங்கதான் அண்ணனோட மூளை! வீட்டுக்கு நம்பர் இல்லல்ல? பார்சல்காரன் மோட்டார் சைக்கிள்ல வருவான். பதினஞ்சு இருக்கும். பத்தொம்பது இருக்கும். நடுவுல ஒரு மொட்டச் செவுரு. முழிப்பான். அண்ணனுக்கு போன் அடிப்பான். “அபாங், பத்தொம்பதுல குடுத்துருங்க”ம்பாரு அண்ணன், மலாய்ல அவனையும் அண்ணனாக்கி. சாயந்தரம் வேல முடிஞ்சு வரும்போது ஷாஹிரா வீட்டு வாசல்ல வாங்கிக்குவாரு.

“தங்கச்சி, ரமணிக்குத் தெரிய வேணாம். சர்ப்ரைசு.”

“ச்சே ச்சே, நான் வாயே தொறக்க மாட்டேன்ணே!”

நம்பர் இல்லாததும் ஒரு நல்லதுக்குத்தான்னு அண்ணன் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டாரு. நம்பர் செய்யத்தான் மெசினு. மெசினுக்கு சாமான் வர நம்பர் இருக்கக் கூடாது. இந்தக் கணக்குல எங்கயோ ஒரு ஓட்ட இருக்குன்னு எனக்கே தெரியுது, அண்ணனுக்குத் தெரியல.

கழட்டுன பழைய சாமான? வெளிய போட்டா மாட்டிக்குவாரு. மாடிப்படிக்குக் கீழ அக்கா அடுக்கி வெச்ச காலி பிஸ்கட் டின்னு கெடந்துச்சு. பழைய மோட்டாரு ஒரு டின்ல. கம்பி ஒண்ணுல. போர்டு, கரண்ட் பொட்டி, சட்டம், மெசின ஓட்டக் கையில புடிக்கற ஒரு குட்டி ரிமோட்டு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு டின்ல. மூடிய அமுக்கி மூடுனா முடிஞ்சுது.

ஒரு சனிக்கெழம அண்ணன் புதுசா ஒண்ண ஒளிக்கப் போயி படிக்குக் கீழ குனிஞ்சாரு. டின்ன ஒண்ணையும் காணோம்!

அண்ணன் போன் லைட்ட அடிச்சு மூலை மூலையாத் துழாவுனாரு.

“ரமணி... இங்க... டின்னு...”

“முறுக்கு போட எடுத்தேன். ஷாஹிரா வீட்டுல இருக்கு. ஏங்க?”

“உள்ள ஏதாச்சும்... இருந்துச்சா?”

“ஏதோ பழைய இரும்பு மாதிரி இருந்துச்சு. அன்னிக்குப் பாத்து பெசி புரோக் லாரி வேற வந்துச்சு...”ன்னு சொல்லிக்கிட்டே அக்கா மாவ பெசஞ்சாங்க.

அப்பாடா! அண்ணன் மூச்ச விட்டாரு. சாட்சி எல்லாம் லாரி ஏறிருச்சு. இப்படி ஒரு வெகுளி பொண்டாட்டி யாருக்குக் கெடைக்கும்? அன்னிக்கு சாயந்தரம் அக்காவுக்கு அவரே போயி, கடலையும் சீனியும் வெச்சு மடிச்ச ஆப்பம் பாலிக் வாங்கிட்டு வந்து குடுத்தாரு. அக்காவும் சாப்பிட்டாங்க. ஷாஹிராவுக்கு ரெண்டு எடுத்து வெச்சாங்க.

அதுக்கப்புறம்தான் அந்தத் தொந்தரவு ஆரம்பிச்சுது. பின்பக்க செவுத்துக்கு அந்தப் பக்கம், ஷாஹிரா கிச்சன்ல இருந்து, ங்ங்ங்ங்... ங்ங்ங்... அண்ணன் இங்க நீர்மட்டத்த வெச்சு மெசின சமப்படுத்திட்டு இருப்பாரு. அங்க இருந்து அதிரும். பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு வேலிக்கு மேல தலைய நீட்டுனாரு.

“தங்கச்சி! ஒன் மிக்சிய கொஞ்சம் நிப்பாட்டேன். மெசினு லெவல் பாக்கறேன், அதிருது.”

உள்ள இருந்து ஷாஹிரா கத்துனா. “அஞ்சே நிமிசம்ணே! இந்தக் கோடு முடியட்டும்!”

“கோடா?”

உள்ள குசுகுசுன்னு ஒரு பேச்சு.

“கொத்தமல்லிண்ணே! கொத்தமல்லி அரைக்கறோம்!”

இவ்ளோ கொத்தமல்லிய எந்த வீட்டுலண்ணே அரைப்பாங்கன்னு நீங்களும் நானும் கேப்போம். அண்ணன் கேக்கல. அவரு மனசு பூரா ரயில் கம்பியில.

சரஸ்வதி பூசை வந்துச்சு. சாமான் ஆயுதமெல்லாம் வெச்சு கும்பிடற நாளு. அண்ணன் கைலிய பாதி மட்டும் தூக்கி, மெசினு நெத்தியில சந்தனம் குங்குமம் வெச்சு, கீழ ஒரு எலுமிச்சம்பழம் வெச்சாரு. அக்காவும் பக்தியா கும்பிட்டாங்க. கும்பிட்டுட்டு சந்தனத் தட்ட எடுத்துக்கிட்டு வேலிப்பக்கம் நடந்தாங்க.

“எங்க போற?”

“என் சாமானும் கொஞ்சம் அங்க இருக்குல்ல. அதுக்கும் ஒரு பொட்டு.”

முறுக்கு உரலுக்கு இவ்ளோ மரியாதையான்னு அண்ணனுக்குப் பொண்டாட்டி மேல பாசம் பொங்குச்சு.

தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கும். காலையில கோப்பிக்கடைக்கு நடந்து போன அண்ணன் அஞ்சாம் நம்பர் வீட்டு முன்னால நின்னுட்டாரு.

செவுத்துல புதுசா ஒரு மரப்பலகை. நடுவுல அஞ்சு. சுத்தி ஒரு சிக்குக் கோலம். ஒரே இழை, எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு தெரியாம வளைஞ்சு வளைஞ்சு ஓடுது. அண்ணன் கிட்ட போனாரு. வெரலால ஓரத்தத் தடவுனாரு. பிசிறு? ஒரு பிசிறு இல்ல. கோப்பிய மறந்துட்டாரு.

ஒம்பதாம் நம்பர்லயும் ஒண்ணு. பதினொண்ணுல ஒண்ணு, அந்தச் சீனத்துப் பாட்டி வீடு, சுத்தி செம்பருத்திப் பூவா. பதிமூணு. பதினஞ்சு. பதினேழு மொட்ட. பத்தொம்பது, ஷாஹிரா வீடு, சுத்தி நட்சத்திரம் நட்சத்திரமா! நேத்து சாயந்தரம் பார்சல் வாங்குன எடத்துல இது இருந்துச்சா? இருந்துச்சு. அண்ணன்தான் பார்சலப் பாத்தாரு, செவுத்தப் பாக்கல.

வீட்டுக்கு ஓடி வந்தாரு. மூச்சு வாங்குது.

“ரமணி! நம்ம லோரோங்ல, தெரு பூரா... பலகை... பாத்தியா?”

“பாத்தேனே. நல்லாருக்கா?”

“நல்லாருக்காவா? ரமணி, ஒனக்கு இதப் பத்தித் தெரியாது. அந்த வளைவு இருக்கு பாரு, அது சாதாரண மெசினுல வராது. ஜெர்மன்காரன் மெசினா இருக்கணும். ஒரு லாரி சைசு இருக்கும். அத ஓட்டறவனுக்கு என்ன கை, என்ன நிதானம்! அவன் கால்ல விழுந்து கும்பிடலாம்!”

“இருங்க, நான் காலைக் கழுவிட்டு வரேன்”ன்னு அக்கா ஏன் சொன்னாங்கன்னு அண்ணனுக்கு அன்னிக்குப் புரியல. மீன் கழுவிட்டு இருந்தாங்க, அதான்னு நெனச்சிட்டாரு.

அண்ணன் பலகைய ஒரு போட்டோ எடுத்து அனுப்பிட்டு நேரா குணாளனுக்கு அடிச்சாரு. குணாளன் போட்டோவப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தாரு. அப்புறம், “மாப்ளே... இது தண்ணியில ஓடற மோட்டாருலா.”

“தண்ணியிலயா?”

“தண்ணி ஊத்தி குளுகுளுன்னு வெப்பாங்க. சூடே ஆகாது. அதான் இந்த வழவழப்பு. அது இல்லாம நீ வெட்டாத. மானம் போயிரும்.”

கடைசி மாத்தல். முருகன் மேல ஆணையா கடைசி. தண்ணி மோட்டார், அதுக்கு ஒரு தனிக் கரண்ட் பொட்டி, தண்ணிக்கு ஒரு வாளி, வாளிக்கு ஒரு பம்பு. இப்ப அந்த மெசினுல மொதல்ல வந்த சாமான் எது மிச்சம்னு அண்ணனே ஒரு நாள் எண்ணிப் பாத்தாரு. ஒண்ணே ஒண்ணு. முன்னால இருந்த சிவப்பு பட்டன். ஆபத்துன்னா ஓங்கி ஒரு அடி அடிச்சு நிப்பாட்டற பட்டன். மத்ததெல்லாம் புதுசு. புதுசுன்னா அப்படிப் புதுசு, பாத்தா கண்ணு கூசும்.

தீபாவளிக்கு மொத நாள். நாளைக்குள்ள செவுத்துல பதினேழு ஏறணும். இல்லன்னா கிச்சன் போச்சு, மெசினு போச்சு, எட்டு மாசமும் போச்சு. அக்கா காலையிலயே எண்ணக் குளியலுக்கு வேண்டியத எடுத்து வெச்சுட்டு ஷாஹிரா வீட்டுக்குப் போயிட்டாங்க.

அண்ணன் குளிச்சாரு. விபூதிப் பட்ட போட்டாரு. பலகைய வெச்சு நாலு மூலையிலயும் முடுக்குனாரு. ஆமாங்க, அவரே முடுக்குனாரு. மெசின மூடுன கைலிய உருவுனாரு. மெசினு வெயில்ல பளபளன்னு நின்னுச்சு. கோயில் தேரு மாதிரி. அண்ணனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. இத்தன அழகயும் நான்தான் உண்டாக்குனேனா? பம்பு ஓடுச்சு. வாளியில தண்ணி குளுகுளுன்னு சத்தம் போட்டுச்சு. “முருகா!”ன்னு சொல்லி மோட்டார் சுவிட்ச தட்டுனாரு.

டப்!

அவ்ளோதான். மோட்டார் நின்னுச்சு. பம்பு நின்னுச்சு. பேன் நின்னுச்சு. ஐஸ்பெட்டி நின்னுச்சு. மொத்த வீட்டுக்கும் கரண்டு ட்ரிப் ஆயிருச்சு. அண்ணன் மெயின் சுவிட்ச தூக்கி விட்டாரு. திரும்பத் தட்டுனாரு. டப்! திரும்பத் தூக்குனாரு. டப்! அஞ்சாவது டப்புக்கு அப்புறம் அண்ணன் இருட்டு ஹால்ல, பட்டையோட, மெயின் பொட்டி முன்னால, அசையாம நின்னாரு.

வீடு அப்படியே அடங்கிக் கெடந்துச்சு. எட்டு மாசத்துல மொத தடவயா அந்த வீட்டுல ஒரு சத்தமும் இல்ல.

அப்பதான் கேட்டுச்சு. ங்ங்ங்ங்... நிக்குது. ஏறுது. ங்ங்... நகருது. எறங்குது. ங்ங்ங்ங்ங்...

அண்ணன் தலைய சாச்சு கேட்டாரு. மிக்சி எங்கயாவது ஏறி எறங்குமா? கொத்தமல்லிய எவனாவது நிறுத்தி நிறுத்தி வளைவு எடுப்பானா? அந்தக் குரலு... அந்தக் குரல அவருக்குத் தெரியும். அவரு வாங்குன மொத மோட்டாரு குரலு. குணாளன் வீக்குன்னு சொன்னானே, அது.

வேலிய சுத்திப் போக நேரமில்ல. தாண்டுனாரு. வேட்டி வேலியில மாட்டி பாதி கிழிஞ்சுது. ஷாஹிரா கிச்சன் கதவத் தொறந்தாரு.

மேசை மேல அவரோட பழைய மெசினு. பழைய சட்டம். பழைய கம்பி. பழைய போர்டு. அவரு பிஸ்கட் டின்ல போட்டுப் புதைச்ச அத்தன சாமானும் எந்திரிச்சு வந்து ஒண்ணா சேந்து வேல செஞ்சுட்டு இருக்கு! நெத்தியில சந்தனப் பொட்டு. பக்கத்துல செவுத்துல ஒட்டி வெச்ச அந்தச் சின்ன புக்கு. முன்னால ஸ்டூல்ல ரமணி அக்கா, பழைய பேக்டரி நீலக் கோட்டு, மூக்குல கண்ணாடி, கையில அந்தக் குட்டி ரிமோட்டு. செவுத்தோரம் ஷாஹிரா, சுவிட்சு மேல ஒரு வெரல வெச்சுக்கிட்டு சிலை மாதிரி நிக்கறா.

அந்த அஞ்சாம் நம்பர்! பதினொண்ணு! ஜெர்மன்காரன்!

அண்ணன் திட்டலாம்னுதான் வாயத் தொறந்தாரு. ஆனா கண்ணு மேசைக்குப் போயிருச்சு. கத்தி எறங்குது. வெள்ளையா தூள் சுருண்டு எந்திரிக்குது. ஒரு இழை வளையுது, தன்னத் தானே தாண்டுது, திரும்பி வந்து கிளம்புன எடத்துலயே மயிரிழ பெசகாம சேருது. தொறந்த வாயில திட்டு வரல. “யம்மா...”ன்னு மட்டும் வந்துச்சு.

மெசினு ஏறி நின்னுச்சு. அக்கா ஒரு பிரஷ்ஷால தூள தள்ளுனாங்க. பதினேழு. சுத்தி மயிலு.

“எப்படி ரமணி?”

“எதுங்க?”

“இது எப்படி... இப்படி... வழவழன்னு? என்ன மாத்துன?”

“ஒண்ணும் மாத்தல. அந்தக் குட்டி ஸ்க்ரூவ முடுக்குனேன்.”

அண்ணன் பக்கத்துல இருந்த அரிசி மூட்ட மேல உக்காந்துட்டாரு.

“அப்ப கோலம்? இந்த வளைவெல்லாம்?”

“புள்ளி வெச்சு கோடு இழுக்கறதுதானேங்க இந்த மெசினு. நான் போடாத கோலமா? படத்த ஷாஹிரா போன்லயே போட்டுட்டா.”

அண்ணன் ஷாஹிரா பக்கம் திரும்புனாரு. “தங்கச்சி, வாயே தொறக்க மாட்டேன்னியேம்மா. பார்சல் வந்தத சொல்லிட்டியே!”

“அல்லா மேல ஆணையா நான் எதயும் சொல்லலண்ணே! பார்சல் வந்தப்ப எல்லாம் முறுக்கு சுட்டுட்டு இங்கதானே இருந்தா? கையெழுத்துப் போட்டு வாங்குனதே அவதான்லா!”

அண்ணன் திரும்புனாரு. பொண்டாட்டியப் பாத்தாரு. இருபத்தஞ்சு வருசமா பாத்த மூஞ்சி. இன்னிக்கு என்னமோ வீடியோவுல மொத மொத மெசினப் பாத்த மாதிரி பாத்தாரு.

“எந்திரிங்க,”ன்னாங்க அக்கா. “இந்தப் பலகைய எடுத்துட்டுப் போயி மாட்டுங்க. தெருவுல யாராச்சும் கேட்டா நீங்க செஞ்சதாவே சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான். நாளைக்கு இத நம்ம வெட் கிச்சனுக்குக் கொண்டு போகணும். பாவம், ஷாஹிராவுக்கு அவ கிச்சன் வேணும். உங்க மெசின நீங்களே எடுத்து ஒதுக்கி வெச்சுருங்க.”

“லாரிக்கா?”ன்னாரு அண்ணன், சன்னமா.

“எங்கயோ வெச்சுக்குங்க. பளபளன்னு இருக்கு, நாலு பேரு பாக்கட்டும். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சாமான் எனக்கு வேணும்.”

“என் ரயில் கம்பியா?”ன்னு நெஞ்சப் புடிச்சாரு.

“கம்பி யாருக்கு வேணும்? அந்த சிவப்பு பட்டன். டின்ல எல்லாம் இருந்துச்சு, அது ஒண்ணுதான் இல்ல. அவசரத்துக்கு நிப்பாட்ட, இந்தா, இவ சுவிட்சுல வெரல வெச்சு நிக்கறா. ரெண்டு மாசமா நின்னு நின்னு கால் வலிக்குதாம்.”

“வீங்கிருச்சுண்ணே!”ன்னா ஷாஹிரா, சுவிட்சுல இருந்து வெரல எடுக்காம.

எல்லாம் போச்சு. கிச்சன் போச்சு, ஜெர்மன்காரன் போயிட்டான். மிச்சம் இருக்கறது அந்த ஒரு பட்டன். அண்ணன் கடைசி தடவயா நெஞ்ச நிமித்துனாரு.

“அது மட்டும் முடியாது ரமணி! அது இல்லன்னா ஓடிட்டு இருக்கற என் மெசின அவசரத்துக்கு எப்படி நிப்பாட்டுவேன்?”

அக்கா கோட்டுப் பையில இருந்து ஸ்க்ரூடிரைவர எடுத்து அவரு கையில வெச்சாங்க.

“நிப்பாட்டறதுக்கு, அது எப்பங்க ஓடுச்சு?”